இரும்பும் ஈகையும்

இரும்பின் துணையின்றி மனிதன் ஒரு நாளும் வாழ இயலாது. நிலத்தை உழும் கொழுவும், கதிரை அறுக்கும் அரிவாளும், கதவைத் தாங்கும் கீலும், நெடுவழியில் விரையும் ஊர்தியும் இரும்பினால் ஆயவை. கல்லைப் பிளக்கும் வலிமை இரும்புக்கு உண்டு. ஆயினும், அத்தகைய இரும்பையும் ஓசையின்றி உண்டு அழிக்கும் பகை ஒன்று உளது. அதுவே துரு. அது படை திரட்டி வருவதில்லை. பறை அறைந்து வருவதுமில்லை. ஒரு துளி நீரும் சிறிது காற்றும் அதற்குப் போதும். இன்று ஊசிமுனை அளவாய்த் தோன்றுவது நாளை உள்ளங்கை அளவாய்ப் பரவும். கவனியாது விட்டால், இரும்பைப் பொடியாக்கி மண்ணோடு மண்ணாய்ச் சேர்த்துவிடும்.

இப்பகையைப் பண்டைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்றார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டினான். அங்கிருந்த படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, திருத்தமான காம்புகளுடன் நெய் பூசப்பெற்று விளங்கின. அதியமானின் வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லனது உலைக்களத்தில் கிடந்தன. புகழ்வதுபோலப் பழித்த ஔவையாரின் சொல்திறத்தைப் புறநானூற்றில் கண்டு புலவர் மகிழ்வர். அப்பாட்டினுள் வேறோர் உண்மையும் பொதிந்துள்ளது. இரும்பைக் காற்றும் நீரும் தீண்டாவண்ணம் நெய் பூசிக் காக்கவேண்டும் என்பதை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழர் உணர்ந்திருந்தனர் என்பதே அது.

அதியமானின் தகடூர் இன்று தருமபுரி என வழங்குகின்றது. அம்மாவட்டத்துப் பேரூர்களுள் ஒன்று கம்பைநல்லூர். கடற்கரைக்கும் அவ்வூருக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. உப்புக்காற்று அங்கு வீசுவதில்லை. ஆயினும் அவ்வூரில் கார் வைத்திருக்கும் ஒருவர், அதனைக் கழுவித் துடைக்கும்பொழுது, கதவின் கீழ்விளிம்பில் வண்ணப்பூச்சு சிறு கொப்புளம்போல் எழுந்திருப்பதைக் காணக்கூடும். விரலால் அழுத்தினால் அது உடைந்து செம்பழுப்புப் பொடி உதிரும். மேலே பளபளக்கும் வண்ணம். உள்ளே அரித்துச் செல்லும் துரு! அது எவ்வாறு வந்தது? அதனைச் செப்பனிடுவது எங்ஙனம்? மீண்டும் வாராமல் தடுப்பது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடை கூறும் அறிவியல் மின்வேதியியல் ஆகும். அவ்வறிவியலுக்கென்றே நம் நாட்டில் அமைந்த ஆராய்ச்சி நிலையம், சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடியில் இருக்கின்றது. பெருநகரத்தில் அமையத்தக்க அந்நிலையம் செட்டிநாட்டுச் செம்மண் நிலத்தில் அமைந்தமைக்குக் காரணமானவர் ஒரு வள்ளல். அவரே அழகப்பர்.

காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில், 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 6-ஆம் நாள், இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாக அழகப்பச் செட்டியார் பிறந்தார். அவர் பிறந்த குடி வாணிகத்தில் வழிவழியாகத் தேர்ச்சி பெற்றது. கடல் கடந்து பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் பொருளீட்டுதல் அக்காலத்து நகரத்தார் வழக்கம். அவ்வழக்கப்படி, எழுத்தும் கணக்கும் கற்றவுடன் இளைஞரைக் கடையில் அமர்த்திவிடுவதே பெரும்பாலோர் இயல்பாக இருந்தது. அழகப்பரோ கல்வியை விடாது தொடர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, ஆங்கில இலக்கியம் பயின்று, முதுகலைப் பட்டம் பெற்றார்.

பின்னர் அவர் இலண்டன் மாநகர் சென்றார். அங்கே சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். வங்கி ஒன்றில் அமர்ந்து வங்கித் தொழிலின் நுட்பங்களைக் கற்றார். அவ்வளவில் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. இலண்டனை அடுத்த குராய்டனில் வானூர்தி செலுத்தவும் பயின்று அதற்குரிய சான்று பெற்றார். மண்ணில் வாணிகம் செய்யப் பிறந்த குடியில் தோன்றியவர் விண்ணில் பறக்கவும் கற்றார் என்பது வியப்பன்றோ? இயந்திரங்களையும் அவற்றை இயக்கும் அறிவியலையும் மேனாட்டார் எவ்வளவு மதிக்கின்றனர் என்பதை அவர் அங்குத் தம் கண்ணால் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

தாயகம் திரும்பிய அழகப்பர் தொழில்துறையில் இறங்கினார். கேரளத்துத் திருச்சூர்ப் பகுதியில் அவர் நிறுவிய துணியாலை பெருகி வளர்ந்தது. அதனைச் சூழ்ந்து எழுந்த ஊர் இன்றும் அழகப்ப நகர் எனப் பெயர் வழங்குகின்றது. வானூர்தி நிறுவனம் ஒன்றையும் அவர் நடத்தினார். கைவைத்த தொழிலெல்லாம் பொருளை வாரி வழங்கிய காலம் அது. ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. நாடு விடுதலை பெற்றபின் அப்பட்டத்தை அவர் துறந்தார்.

பொருளீட்டியோர் உலகில் பலர். ஈட்டிய பொருளை எதற்குப் பயன்படுத்தினர் என்பதே அவர்தம் பெருமையை அளக்கும் கோல். பெட்டியிலிட்டுப் பூட்டிய செல்வம், கொட்டிலில் கிடக்கும் வேல்போல, ஒருவர்க்கும் உதவாது அழியும். இதனை அழகப்பர் உணர்ந்திருந்தார். 1944-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ்த் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று தோன்ற ஐந்து இலட்சம் ரூபாய் அளித்தார். கிண்டியில் அவர் பெயரால் விளங்கும் அக்கல்லூரியில் வேதிப் பொறியியலும், நெசவுத் தொழில்நுட்பமும், தோல் தொழில்நுட்பமும் கற்றுத் தேர்ந்தோர் பல்லாயிரவர்.

1947-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3-ஆம் நாள் அன்னிபெசண்டு அம்மையார் நினைவாகச் சென்னையில் ஒரு கூட்டம் நடைபெற்றது. நாட்டில் கல்லூரிகள் பெருகவேண்டும். செல்வர் முன்வரவேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார் அக்கூட்டத்தில் வேண்டினார். அவையில் இருந்த அழகப்பர் காரைக்குடியில் ஒரு கல்லூரி நிறுவுவதாக அவ்விடத்திலேயே அறிவித்தார். சொல்லிய சொல் காற்றில் கரையவில்லை. நாற்பது நாள் நிரம்புமுன், ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாளில் கல்லூரி தொடங்கியது. கட்டடம் எழும்வரை காத்திருந்தால் ஓராண்டு வீணாகும் என்பதனால், காரைக்குடியிலிருந்த ஒரு மாளிகையிலேயே வகுப்புகள் நடைபெற்றன. நாடு விடுதலை பெறுவதற்கு நான்கு நாள்களுக்கு முன்பு செட்டிநாட்டு இளைஞர்க்கு உயர்கல்வியின் வாயில் திறந்தது.

விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தொழில் வளர்ச்சி தேவைப்பட்டது. அதற்கு அடிப்படையாக அறிவியல் ஆய்வுக்கூடங்கள் பலவற்றை நாடெங்கும் நிறுவ அரசு எண்ணியது. அம்முயற்சிக்குத் தலைமை பூண்டு உழைத்தவர் அறிவியல் அறிஞர் சாந்தி சொரூப் பட்நாகர் ஆவார். அவ்வாய்வுக்கூடங்களுள் ஒன்று மின்வேதியியலுக்கு உரியது. அத்தகைய நிலையம் பெருநகரங்களில் அமைவதே இயல்பு. காரைக்குடியோ மழை குறைந்த ஊர். பெருந்தொழிற்சாலைகள் இல்லாத ஊர். எனினும் அந்நிலையம் அங்கு வரவேண்டும் என்று அழகப்பர் விழைந்தார். விழைந்ததோடு அமையாது, 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் மனமுவந்து வழங்கினார். அந்நாளில் அத்தொகை மிகப் பெரிது. அதனைக்கொண்டு அவர் வேறு பல ஆலைகளைத் தமக்கென நிறுவியிருக்கலாம். தம் ஆலையால் தம் குடி வாழும். ஆய்வு நிலையத்தால் நாடு வாழும் என்பதே அவர் கண்ட கணக்கு.

1948-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள், தலைமை அமைச்சர் சவகர்லால் நேரு காரைக்குடிக்கு வந்து அந்நிலையத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14-ஆம் நாள், பொங்கலை ஒட்டிய நன்னாளில், குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் பெயர். கள்ளியும் முள்ளும் நிறைந்த மேட்டு நிலம் கலைக்கோயிலாக மாறியது.

மின்வேதியியல் என்பது, வேதிமாற்றத்தால் மின்சாரம் தோன்றுவதையும், மின்சாரத்தால் வேதிமாற்றம் நிகழ்வதையும் ஆராயும் கலை. காரை இயக்கத் தொடங்கும் பாட்டரி அக்கலையின் பயன். பித்தளைக்கு வெள்ளி முலாம் பூசுதல் அக்கலையின் பயன். துருப்பிடித்தலும் அக்கலையின் எல்லைக்குள் அடங்குவதே. அஃது எங்ஙனம் எனின், கூறுதும்.

இரும்புத் தகட்டின்மேல் ஒரு நீர்த்துளி தங்குகின்றது எனக் கொள்க. துளியின் விளிம்பில் காற்று எளிதில் கலக்கும். ஆகையால் அங்கே உயிர்வளி மிகுதி. துளியின் நடுவில் உயிர்வளி குறைவு. இவ்வேறுபாட்டால் அச்சிறு துளியே ஒரு மின்கலம் ஆகிவிடுகின்றது. நடுவிலுள்ள இரும்பு, சிறிது சிறிதாகக் கரைந்து நீரிற் சேர்கின்றது. அப்போது வெளிப்படும் மின் துகள்கள் தகட்டின் வழியே விளிம்புக்குச் சென்று, அங்குள்ள உயிர்வளியுடனும் நீருடனும் வினை புரிகின்றன. இருபுறத்து விளைவுகளும் கூடியபோது தோன்றுவதே செந்நிறத் துரு. நீரில் உப்புக் கலந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகும். துருவும் விரைவில் பெருகும். கடற்கரை ஊர்களில் இரும்பு விரைந்து அழிவதற்குக் காரணம் இதுவே. துரு, தான் உண்ட இரும்பைக் காட்டிலும் பருமன் மிக்கது. ஆதலால் அது வண்ணப்பூச்சை உள்ளிருந்து மேலே தூக்குகின்றது. கம்பைநல்லூர்க் காரின் கதவில் எழுந்த கொப்புளம் அவ்வாறு தோன்றியதே.

உள்நாட்டு ஊரிலும் காருக்குத் துரு வரும் வழிகள் பல. சாலையில் தெறிக்கும் சரளைக்கல் வண்ணத்தைப் பெயர்த்து இரும்பை வெளிப்படுத்தும். சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகளில் சேறு அப்பிக்கொண்டு நெடுநாள் ஈரம் காக்கும். கதவின் அடியில் நீர் வடிவதற்கென அமைந்த சிறு துளைகள் தூசியால் அடைபடும். உட்புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றி அங்கே தேங்கும். கால்மிதியின் கீழ் நனைந்த சாக்கு உலராது கிடக்கும். இவ்விடங்கள் கண்ணுக்குப் புலப்படா. ஆகையால் துரு அவ்விடங்களையே தன் உறைவிடமாகக் கொள்கின்றது.

இனி, அதனைச் செப்பனிடும் முறையைக் காண்போம். முதலில் அவ்விடத்தைக் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். பின்னர் உப்புத்தாளால் தேய்த்துத் துரு முழுவதையும் நீக்கவேண்டும். வெள்ளிய இரும்பு ஒளிவிடும் வரையில் தேய்த்தல் நிற்றலாகாது. கொப்புளத்தின் எல்லையோடு நில்லாது, அதனைச் சூழ்ந்த நல்ல இடத்திலும் சிறிது தூரம் தேய்ப்பதே முறை. ஏனெனில் துரு, வண்ணத்திற்கு அடியில் பக்கவாட்டில் பரவியிருக்கும். நுண்குழிகளில் எஞ்சிய துருவை மாற்றப் பாசுபாரிக் காடி கலந்த மருந்தைத் தடவுவர். அது துருவை இறுகிய காப்புப் படலமாக மாற்றும். தில்லியிலுள்ள பழைய இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிலைத்திருப்பதற்கு, அவ்விரும்பில் மிகுந்துள்ள பாசுபரசினால் உண்டான காப்புப் படலமே சிறந்த காரணம் என்பது ஆய்வாளர் கருத்து.

அதன்பின் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சுப் பூசவேண்டும். அது காய்ந்தபின், பள்ளம் இருப்பின் பட்டி வைத்து நிரவித் தேய்த்து, மீண்டும் அடிப்பூச்சும் அதன்மேல் வண்ணமும் இறுதியில் மெருகுப் பூச்சும் இடுவர். துரு தகட்டை ஊடுருவி ஓட்டையாக்கியிருப்பின், அப்பகுதியை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டைப் பற்றவைப்பதே தக்கது. சிலர் செலவுக்கு அஞ்சித் துருவின்மேலேயே பட்டியை அப்பி வண்ணம் பூசிவிடுவர். காண்பவர் கண்ணுக்கு அது புதுக்கார்போல் தோன்றும். ஒரு மழைக்காலம் கழியுமுன் உள்ளிருக்கும் துரு பட்டியைத் தள்ளிக்கொண்டு வெளிப்படும். குற்றத்தை நீக்காது மறைத்தல் குற்றத்தை வளர்த்தலே ஆகும்.

வந்தபின் நீக்குவதினும் வருமுன் காத்தல் எளிது. காரின் மேற்புறத்தைப்போலவே அடிப்புறத்தையும் சேறு நீங்கக் கழுவ வேண்டும். கடற்கரைக்குச் சென்று திரும்பினால் உப்பு நீங்க நல்ல நீரால் அலசுதல் இன்றியமையாதது. நீர் வடியும் துளைகளை மெல்லிய குச்சியால் திறந்துவைக்க வேண்டும். சிறு கீறலையும் அன்றே பூச்சிட்டு மூடவேண்டும். தொண்டைமான் படைக்கலங்களுக்கு நெய் பூசியதுபோல, இந்நாளில் காரின் மேற்புறத்திற்கு மெழுகும் அடிப்புறத்திற்குத் தார்போன்ற காப்புப் பூச்சும் இடுகின்றனர். பொருள் மாறியது, கருத்து மாறவில்லை.

காப்புப் பூச்சுகளுள் துத்தநாகத்தின் இயல்பு தனிச்சிறப்புடையது. இரும்பின்மேல் வெள்ளீயம் பூசுவதும் உண்டு. துத்தநாகம் பூசுவதும் உண்டு. வெள்ளீயம் பளபளப்பானது. ஆயினும் அதில் ஒரு கீறல் விழுந்துவிட்டால், ஈரம் பட்டவிடத்து வெள்ளீயம் தான் அழியாது நின்று, இரும்பை முன்னிலும் விரைவாகத் துருவுக்கு இரையாக்கிவிடும். துத்தநாகம் அவ்வாறன்று. பூச்சில் கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்டாலும், துத்தநாகம் தான் முற்பட்டுக் கரையும், இரும்பைக் கரையவிடாது. தன்னை அழித்துக்கொண்டு அருகிலிருப்பதைக் காப்பது அதன் இயல்பு. 1824-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஹம்பிரி டேவி, கப்பலின் அடியிற் பொதிந்த செப்புத் தகட்டைக் காக்கத் துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் பொருத்தலாம் எனக் கண்டார். 1837-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுச் சோரெல் என்பார் இரும்பை உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். இக்காலத்துக் கார்களில் பலவற்றின் தகடுகள் துத்தநாகப் பூச்சு உடையவை. காரின் உடற்கூட்டை முழுவதுமாகப் பூச்சுநீர்த் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரம் செலுத்தி, மூலைமுடுக்கெல்லாம் அடிப்பூச்சுப் படியச் செய்யும் முறையும் தொழிற்சாலைகளில் வழக்கத்தில் உள்ளது. துருவை உண்டாக்கும் அதே மின்வேதியியல், துருவைத் தடுக்கும் கருவியாகவும் மாறிவிட்டது.

காரைக்குடி நிலையம் இத்துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகின்றது. இராமேசுவரத்திற்கு எதிரேயுள்ள மண்டபம் உப்புக்காற்று ஓயாது வீசும் இடம். அங்கே பல்வகை உலோகத் தகடுகளையும் பூச்சுகளையும் வெயிலிலும் கடற்காற்றிலும் கடல்நீரிலும் நெடுநாள் வைத்து, எது எவ்வளவு அரிக்கப்படுகின்றது என்று அந்நிலையத்தார் அளந்து கண்டனர். நாட்டின் எந்தப் பகுதியில் துரு எவ்வளவு விரைவில் பரவும் என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றையும் அமைத்தனர். கட்டடங்களிலும் பாலங்களிலும் புதைக்கும் இரும்புக் கம்பிகளுக்குத் துருத்தடை மருந்து கலந்த சிமெண்டுக் குழம்பைப் பூசும் முறையையும் கண்டறிந்து வழங்கினர்.

இவ்வாய்வின் அருமையை அறிய மண்டபத்தை அடுத்த பாம்பன் பாலமே சான்று. 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம், ஓயாத பூச்சு வேலையாலும் பழுதுபார்ப்பாலும் நூறாண்டுக்கு மேல் கடற்காற்றைத் தாங்கியது. இறுதியில் முதுமையும் அரிப்பும் மிகுந்தமையால், 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் அதன்மேல் இரயில் செல்வது நிறுத்தப்பட்டது. துருப்பிடியாத எஃகுக் கம்பிகளும் உயர்ந்த காப்புப் பூச்சும் கொண்டு கட்டிய புதுப்பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. அந்நாள் அழகப்பர் பிறந்த நாளாக அமைந்தது தற்செயலே. எனினும் நினைந்து மகிழத்தக்கது.

அழகப்பரின் ஈகை ஆராய்ச்சி நிலையத்தோடு முடிந்துவிடவில்லை. 1952-ஆம் ஆண்டில் காரைக்குடியில் பொறியியற் கல்லூரி தோன்றியது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, தொழிற்பள்ளி, உயர்நிலைப் பள்ளி, சிறுவர் பள்ளி என ஒன்றன்பின் ஒன்றாகக் கல்விக்கூடங்கள் எழுந்தன. மகளிர்க்கென ஒரு கல்லூரி வேண்டும் என்ற நிலை வந்தபோது, கோட்டையூரில் தாம் வாழ்ந்த பெருமனையையே அதற்கென அவர் விட்டுக்கொடுத்தார். மிகுந்ததைக் கொடுத்தல் எளிது. இருப்பதைக் கொடுத்தல் அரிது. இருக்கும் இடத்தையே கொடுத்தல் அரிதினும் அரிது.

இவ்வாறு கொடுத்துவந்த காலத்தில் அவர் உடல்நலம் நன்றாக இருந்ததில்லை. கடும்பிணி அவரை நெடுநாள் வருத்தியது. வானில் பறந்த உடல் தளர்ந்தது. வாணிகத்திலும் முன்போல ஏற்றம் காணவில்லை. நோயுற்ற செல்வர் பலர் எஞ்சிய பொருளை இறுகப் பற்றிக்கொள்வர். நாளை என்ன நேருமோ என்று அஞ்சுவர். அழகப்பருக்கும் அவ்வச்சத்திற்கு இடமிருந்தது. ஆயினும் அவர் கை மூடவில்லை. நாள் குறுகக் குறுகக் கொடை விரைந்தது. தம் உடலை நோய் அரிப்பதை அவரால் தடுக்க இயலவில்லை. தம் உள்ளத்தைத் தன்னலம் அரியாதபடி இறுதிவரை காத்துக்கொண்டார்.

இந்திய அரசு அவருக்குப் பத்மபூசண் விருது வழங்கியது. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 5-ஆம் நாள், நாற்பத்தெட்டு வயது நிரம்புவதற்கு ஒரு நாள் இருக்கையில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் நிறுவிய ஆலைகளும் வானூர்தி நிறுவனமும் காலப்போக்கில் மாறின, மறைந்தன. அவர் கொடுத்தவை மறையவில்லை. அவர் வித்திட்ட கல்வி நிலையங்களை அடிப்படையாகக் கொண்டு 1985-ஆம் ஆண்டில் அழகப்பா பல்கலைக்கழகம் மலர்ந்தது. ஆராய்ச்சி நிலையத்தில் மின்கலம், உலோக அரிப்பு, மின்முலாம் ஆகியன குறித்து ஆய்வு தொடர்ந்து நடந்துவருகின்றது.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் பறம்புமலை, காரைக்குடிக்கு அணித்தாகப் பிரான்மலை எனும் பெயரோடு நிற்கின்றது. நெடுநாள் வாழ்விக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்த அதியமானின் நாட்டிலே கம்பைநல்லூர் இருக்கின்றது. அவ்வூர்க் கார்க்கதவின் துருவை உப்புத்தாளால் தேய்த்துத் துத்தநாகப் பூச்சுப் பூசும் தொழிலாளி, காரைக்குடியைக் கண்டிருக்க வேண்டுவதில்லை. அழகப்பர் பெயரைக் கேட்டிருக்கவும் வேண்டுவதில்லை. ஆயினும் அவன் கைத்தொழிலுக்கு அடிப்படையான அறிவு இந்நாட்டில் வளர ஒரு வள்ளல் நிலமும் பொருளும் ஈந்தார்.

வெள்ளீயம்போல ஒளி காட்டி, இடர் வந்தபோது பிறரை அழியவிடுவார் சிலர். துத்தநாகம்போலத் தாம் கரைந்து பிறரைக் காப்பார் மிகச் சிலர். அழகப்பர் அம்மிகச் சிலருள் ஒருவர். இரும்பைத் துரு அணுகாமல் பூச்சுக் காக்கும்; செல்வத்தைத் துரு அணுகாமல் ஈகையே காக்கும்.